வால்நட், ஒன்பது மணி

அந்த மனிதரின் காதுக்குள்ளிருந்த சத்தம் செவெரினுக்கு முதன்முதலில் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு.

எட்டே முக்காலுக்கு அவர் கதவைத் தட்டிவிட்டு வந்து நின்றார். மிரோன் ஹுட்சல்யுக். நாற்பத்தெட்டு வயது. ஊரில் தேனீ வளர்த்தவர், பிறகு படையில் ரேடியோவைப் பார்த்துக்கொண்டவர். ஜூன் மாதம் பக்கத்தில் குண்டு விழுந்து மூளை குலுங்கியது. இடக் காதில் பாதி கேட்கும் திறன் போயிற்று. கோப்பில் இவ்வளவும் இருந்தது. அடியில் இதய மருத்துவர் தனியாக ஒரு குறிப்பு எழுதிக் கோடு போட்டிருந்தார்: ஐந்து மாதமாகத் தொடர்ந்து ஐம்பது நிமிடத்துக்கு மேல் தூங்கியதில்லை. துடிப்பு தப்புகிறது. தூக்க மாத்திரை வேண்டாம் என்கிறார்.

“உக்காருங்க. எந்தக் காது?”

“இடது.” உட்காரவில்லை. “செவெரின் வோலோஷின்னு கதவுல எழுதியிருக்கே. அது நீங்கதானா டாக்டர்?”

“நான்தான். ஆனா டாக்டர் இல்ல. காது கேக்குதான்னு சோதிக்கிறவன்.”

அவர் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

“என்ன மாதிரி சத்தம்? விசிலா, இரைச்சலா?”

“டிக், டிக். ரெண்டு.”

“எத்தனை நேரத்துக்கு ஒரு தரம்?”

“மணிக்கு ஒரு தரம். முள்ளு பன்னெண்டைத் தொட்டதும்.”

செவெரின் தலை நிமிராமல் எழுதிக்கொண்டான். இரண்டு வருடத்தில் எத்தனையோ கேட்டாயிற்று. ஒருவருக்குக் காதில் கெட்டில் கொதித்தது. இன்னொருவருக்குச் செத்துப்போன நாய் குரைத்தது. மனைவி போன பிறகு இதையெல்லாம் எழுதும்போது அவன் கை தயங்குவதில்லை. கையெழுத்துகூட அழகாகியிருந்தது.

மேஜை இழுப்பறையிலிருந்து ரப்பர் குழாயை எடுத்தான். ஒரு முழ நீளம், இரு முனையிலும் காதில் பொருந்தும் குமிழ். ஒன்று நோயாளியின் காதுக்கு, மற்றது அவன் காதுக்கு. சிலருக்குச் சத்தம் மூளையின் கற்பனையாக இல்லாமல் நிஜமாகவே காதுக்குள் உண்டாகும். அப்படியானால் குழாய் வழியே வெளியாளுக்கும் கேட்கும். வருடத்துக்கு ஒருவர் அப்படி வந்தால் அதிகம்.

மிரோன் குழாயைப் பார்த்துச் சிரித்தார். “இது எங்ககிட்டயும் உண்டு. பனிக்காலத்துல தேனீப் பெட்டியத் திறக்கக் கூடாது, குளிர் ஏறிடும். வாசல்ல குழாய விட்டு, பெட்டிய ஒரு தட்டு தட்டுவோம். உயிரோட இருந்தா உள்ளேருந்து ‘ம்ம்’னு ஒண்ணு கெளம்பி அடங்கும்.”

“செத்திருந்தா?”

“சத்தம் வராது. வரக் கூடாது.”

தாழ்வாரத்து ஒலிபெருக்கி கரகரத்தது. மணி ஒன்பது. தினமும் இந்த நேரத்தில் இறந்தவர்களுக்காக நாடே ஒரு நிமிடம் நிற்கும். ஒலிபெருக்கியில் பேச்சு இருக்காது, நொடிக்கு ஒரு ‘டொக்’ மட்டும். இருவரும் எழுந்தார்கள். வெளியே தள்ளுவண்டிகள் நின்றன. ஜன்னலுக்கு அப்பால் டிராம் நின்றது. குழாய் இருவர் காதிலும் மாட்டியபடியே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

டொக். டொக்.

இரண்டு டொக்குகளுக்கு நடுவில், குழாய்க்குள், காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் ஒரு டிக். பிறகு இன்னொன்று. பிறகும் ஒன்று. மூன்றும் ஒரே இடைவெளியில். அவர் சொன்னது இரண்டு, கேட்டது மூன்று. அவ்வளவுதான் என்று செவெரின் நினைத்தபோது, பின்தங்கிப்போய் ஓடி வந்து சேர்ந்ததுபோல் நான்காவது.

நிமிடம் முடிந்தது. டிராம் கிளம்பியது.

“எத்தனை?” என்றார் மிரோன்.

“நாலு. ரெண்டுன்னுதானே சொன்னீங்க?”

“மத்த மணிக்கெல்லாம் ரெண்டுதான். காலைல ஒன்பதுக்கு மட்டும் நாலு.” சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ எழுதினார். “அப்பாடா. அப்ப நான் பைத்தியம் இல்ல.”

“இல்ல,” என்றான் செவெரின். பிடரி மயிர் குத்திட்டு நின்றதை அவன் அப்போதுதான் உணர்ந்தான். அவன் உடம்பு எதையாவது உணர்ந்து பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது.

*

மெலானியா பெத்ரீவ்னா காது அறுவை மருத்துவர். கட்டைக் குரல், யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார். கருவி பதிந்துகொடுத்த தாளை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“நடுக்காதுல தசை துடிக்குது. அவ்வளவுதானே? நூல் மாதிரி ஒரு தசைநார் இருக்கு. அத வெட்டிட்டா முடிஞ்சுது. இருபது நிமிஷ வேலை. இதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?”

“மணி தவறாம வருது, மெலானியா பெத்ரீவ்னா.”

“எனக்குக்கூடத்தான் பதினோரு மணிக்கு டாண்ணு பசிக்குது. உடம்புக்கு மணி தெரியும்பா.”

“கடியாரத்த மாத்தி வெச்சும் பாத்துட்டேன்.”

பார்த்திருந்தான். மிரோனின் கைக்கடிகாரத்தையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒலி புகாத கூண்டுக்குள் அவரை உட்காரவைத்து, இருபது நிமிடம் முன்னால் ஓடும் கடிகாரத்தை உள்ளே மாட்டினான். கடிகாரம் பதினொன்று காட்டியபோது மிரோன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் உதடு வெளுத்தது. இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி வழியே செவெரின் பார்த்துக்கொண்டே இருந்தான். இருபது நிமிடம் அந்த மனிதர் அப்படியே இருந்தார். உண்மையான பதினொன்றுக்குப் பதிவுத் தாளில் பல் மாதிரி இரண்டு கோடு விழுந்தது. அதன் பிறகுதான் அவர் கையை எடுத்தார்.

எதற்காக அவ்வளவு பயம் என்று செவெரின் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

“சரி, அதிசயம்தான். கண்ணாடிப் பெட்டியில வெப்போம்,” என்றார் மெலானியா. “ஆனா மொதல்ல அந்த ஆளத் தூங்க வை. இப்படியே போனா பனிக்காலம் தாண்ட மாட்டார்னு இதய டாக்டர் சொல்றார். வெள்ளிக்கிழமை எனக்கு நேரம் இருக்கு. சம்மதக் கையெழுத்து வாங்கிட்டு வா.”

மிரோன் கையெழுத்துப் போடவில்லை. காரணமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் செவெரின் வார்டுக்கே போனான். ஆறு கட்டில். மிரோனின் கட்டில் ஜன்னல் ஓரம். கையில் கரண்டியோடு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தட்டில் பக்வீட் கஞ்சி ஆறிப்போயிருந்தது. பக்கத்துக் கட்டில்காரனுக்கு வலக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. படையில் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவனுடையது வண்டு. வீட்டில் வைத்த பெயரை வார்டில் யாரும் கேட்டதில்லை.

“எழுப்பாதீங்க சார். ஒரு மணிக்கு இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. அவரே எந்திரிப்பாரு. எங்க வார்டுக்கு அலாரமே வேண்டாம்,” என்றான் வண்டு. “ஏன் சார், எனக்குக் கால வெட்டினீங்க, தேனீக்காரருக்குக் காத வெட்டப் போறீங்க. ஒட்ட வெக்கிற டாக்டர் ஒருத்தர்கூட இல்லையா இங்க?”

“கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. நீ சொல்லிப் பாரேன்.”

“நான் சொல்லியா? அவரு வாயில நொழையறதுக்கு வண்டு என்ன, ஈயா?” வண்டு குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணு சொல்லட்டுமா? இவருக்கு ஊரு இது இல்ல. ஊருப் பக்கமே நல்ல ஆஸ்பத்திரி இருக்கு. இங்கதான் வருவேன்னு ரெண்டு மாசம் எழுதி எழுதி வாங்கியிருக்காரு. நீங்க இருக்கீங்கன்னுதான்.”

“நானா?”

“நோட்டுல பாத்தேன். உங்க பேரு, ஆஸ்பத்திரி பேரு, ரூம் நம்பர். போலீஸ்காரன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான்.”

ஒரு மணி ஆயிற்று. யாரோ தோளைத் தொட்டதுபோல் மிரோன் விலுக்கென்று நிமிர்ந்தார். தலையை இடப்பக்கம் சாய்த்துக் கேட்டார். “பிளஸ்,” என்று மெல்லச் சொல்லி நோட்டில் ஒரு கூட்டல் குறி போட்டார்.

செவெரினுக்கு அந்தக் குறி தெரியும். அவன் மனைவி ஊலியானா போர்முனையிலிருந்து தினமும் காலையில் அதைத்தான் அனுப்புவாள். ஒரே ஒரு கூட்டல் குறி. இருக்கிறேன் என்று அர்த்தம்.

மிரோன் அவனைப் பார்த்தார். எழுந்திருக்கப் போனார். கரண்டி விழுந்தது. அவரும் விழுந்தார்.

*

சாயங்காலம் அவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, தலைமாட்டில் துடிப்பு காட்டும் பெட்டியை வைத்திருந்தார்கள். செவெரின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“எதுக்காக என்னத் தேடி வந்தீங்க?”

மிரோன் கூரையைப் பார்த்தபடி பேசினார். “போன வருஷம் அக்டோபர். எங்க போஸ்டுக்கெல்லாம் மரத்தோட பேரு. ஆப்பிள், செர்ரி, வால்நட். வால்நட்தான் கடைசி. மூணு பசங்க. எதிரி நாப்பது மீட்டர்ல. வாயத் தொறந்தா கேட்டுடும். நான்தான் சொன்னேன், பேசாதீங்கடா, மணிக்கு ஒரு தரம் கூப்பிடறேன், ரேடியோ பட்டன ரெண்டு தரம் அழுத்துங்க போதும், ரெண்டு டிக் கேட்டா அத பிளஸ்னு எடுத்துக்கறேன். காலைல ஒன்பதுக்கு மட்டும் எத்தனை பேரோ அத்தனை தரம் அழுத்துங்கன்னு.”

“மூணு.”

“மூணு. பன்னெண்டு நாளு, ஒரு மணிகூடத் தவறல. கமாண்டர் கேப்பாரு, ‘வால்நட்?’ நான் சொல்லுவேன், ‘பிளஸ்’. பன்னெண்டாம் நாளு மூடுபனி எறங்குச்சு. இதான் சமயம், பசங்கள வெளிய எடுத்துடலாம்னு வண்டி அனுப்பினாங்க. வண்டி போய்ச் சேரல. ட்ரோன் அடிச்சிடுச்சு.” அவர் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். “ஓட்டிட்டுப் போனது ஒரு பொண்ணு. முதலுதவி பாக்கறவ. ஊசின்னு கூப்பிடுவோம்.”

ஊசி என்பது ஊலியானாவின் படைப் பெயர். படையிலிருந்து திரும்பி வந்த அவளுடைய பெட்டியில் எல்லாச் சாமான்மேலும் அது எழுதியிருந்தது.

“மறுநா காலைல ஒன்பதுக்குக் கூப்பிட்டேன். மூணு வந்துச்சு. அப்புறம் நாலாவது, கொஞ்சம் லேட்டா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு தம்பி. வண்டியிலேருந்து குதிச்சு நடந்தே போய்ச் சேந்துட்டா, பசங்களோட இருக்கான்னு நெனச்சேன். ‘வால்நட், நாலு பேர், பிளஸ்’னு கத்தினேன். அங்க இருந்தவங்க எல்லாம் கை தட்டினாங்க.”

பெட்டியில் துடிப்பு ஒரு தடவை தப்பிச் சேர்ந்துகொண்டது.

“ரெண்டு நாள் கழிச்சு ஆளுங்க போய்ப் பாத்தாங்க. பதுங்குகுழி மேல குண்டு விழுந்து கூரை எறங்கிக் கெடந்துச்சு. பசங்க செத்து பத்து நாளுக்கு மேல ஆகியிருக்கும்னாங்க. ரேடியோ ரெண்டா ஒடஞ்சு, பேட்டரி தனியா கெடந்துச்சாம். ஊசி வண்டியிலதான் இருந்தா. எறங்கவே இல்ல.”

“அப்ப பட்டன யாரு அழுத்தினா?”

“எதிரி வெளையாடியிருப்பான்னாரு கமாண்டர். காத்துல கரகரப்புன்னாரு. எனக்குத் தெரியல. செத்த கூடு சத்தம் போட்டுச்சு, நான் உசுரோட இருக்குன்னு எழுதிட்டேன். என் பிளஸ்ஸ நம்பித்தான் வண்டி போச்சு. செத்தவங்கன்னு தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டாங்க.”

ஊலியானாவின் அடக்கத்தின்போது ஓர் அதிகாரி செவெரினிடம் சொல்லியிருந்தார்: உயிரோடிருந்த மூன்று பேரை அழைத்துவரப் போனார் உங்கள் மனைவி. பதின்மூன்று மாதமாக அவனிடம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். இப்போது அதுவும் போயிற்று. அவன் கோபத்துக்காகக் காத்திருந்தான். வரவில்லை.

“ஜூன்ல அடிபட்டேன். காதுக்கட்டப் பிரிச்ச அன்னிக்கு ஒன்பது மணிக்கு நாலு வந்துச்சு,” என்றார் மிரோன். “பசங்க மூணு பேர் வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டுல கதவச் சாத்தினாங்க. ஒரு வீட்டுல டீ குடுத்தாங்க. ஒரு வீட்டுல ஆளே இல்ல. நாலாவது உன்னோடது. உன் காதுல கேக்க வெச்சுட்டேன். இனிமே வெட்டறதா வேண்டாமான்னு நீதான் சொல்லணும்.”

செவெரின் எழுந்து போனான்.

மறுநாள் காலை மெலானியாவிடம், “பதிவு தெளிவா இல்ல. இன்னும் ஒரு வாரம் பாக்கணும்,” என்றான்.

*

அந்த ஒரு வாரமும் அவன் மணி தவறாமல் வார்டுக்குப் போனான். நாற்காலியில் உட்கார்ந்து குழாயை மாட்டிக்கொள்வான். பத்துக்கு இரண்டு, பதினொன்றுக்கு இரண்டு. அவனுக்கு வேண்டியது காலை ஒன்பது. அதிலும் நான்காவது.

ஊலியானா எதற்கும் நேரத்துக்கு வந்தவள் இல்லை. ரயிலுக்கும் தாமதம், சொந்தக் கல்யாணத்துக்கும் தாமதம். அவர்கள் வீடு ஐந்தாம் மாடி. அவன் கதவைத் திறந்துவிட்டு நிற்பான். அவள் மூன்றாம் மாடிப் படியில் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பாள். பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து மூச்சு வாங்க நிற்பாள். நான்காவது டிக் அப்படித்தான் வந்தது. பதிவுத் தாளில் அளந்து பார்த்தான். ஒரு நாள் ஒன்றரை நொடி, ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் ஒன்றேகால். தசை துடிப்பதாக இருந்தால் ஒரே அளவில் இருந்திருக்கும்.

மிரோன் எதுவும் கேட்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய்க் கொண்டிருந்தார். மணிக்கு மணி விழித்து, கேட்டு, குறி போட்டு, மறுபடி சரிந்தார்.

வண்டுதான் ஒரு நாள் கேட்டான். “சார், நீங்க அவரைப் பாக்க வரீங்களா, இல்ல அவரு காதப் பாக்க வரீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“அப்படியா? காது நல்லா கொழுத்துடுச்சு. ஆளுதான் எளச்சுட்டாரு.”

புதன்கிழமை, ஒன்பது ஐம்பத்தெட்டு. செவெரின் குழாயை மாட்டிக்கொண்டிருந்தான். மிரோன் தூக்கத்தில் இருந்தார். தலைமாட்டுப் பெட்டியில் கோடு கோணலாகியது. ஒரு துடிப்பு விட்டுப்போயிற்று, பிறகு இரண்டு. அவர் உதடு நீலம் பாய்ந்தது. அழைப்பு மணி செவெரினின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். மணியை அழுத்தினால் ஆட்கள் ஓடி வருவார்கள், குழாயை எடுத்துவிடுவார்கள், பத்து கேட்காமல் போய்விடும்.

இரண்டு நிமிடம்தானே என்று தோன்றியது.

பத்து. டிக், டிக். நினைவில்லாத ஒருவரின் காதுக்குள்ளிருந்து, எப்போதும்போல, அவசரமே இல்லாமல்.

ஏதோ படாரென்று கதவில் மோதி விழுந்தது. வண்டுவின் ஊன்றுகோல். “நர்ஸ்!” என்று அவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

ஆட்கள் வந்தார்கள். செவெரினைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் கோடு நேரானது. எல்லாரும் போன பிறகு செவெரின் ஊன்றுகோலைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தான்.

வண்டு அதை வாங்கிக்கொண்டான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. “ரெண்டு நிமிஷம் சார். உங்க கை எப்ப அந்த பெல்லுக்குப் போகும்னு பாத்துட்டே இருந்தேன்.”

செவெரின் தாழ்வாரத்துக் கழிவறையில் போய் வாந்தி எடுத்தான்.

*

மிரோன் மதியம் கண் விழித்தார். முதலில் கேட்டது, “பத்து மணி வந்துச்சா?”

“வந்துச்சு. பிளஸ்,” என்றான் செவெரின். “வெள்ளிக்கிழமை வெட்டிடலாம். நான் சொல்றேன், வெட்டிடலாம்.”

“உனக்குச் சம்மதமா?”

“சம்மதம்.”

“அப்ப ரேடியோவ யாரு பாக்கறது?”

“நான் பாக்கறேன்.”

“சும்மா வாயால சொன்னா ஆச்சா? மாத்து ஆளு வராம ரேடியோவ விட்டு எழுந்தவன் ஓடிப்போனவன். வந்தவன் ஏத்துக்கிட்டேன்னு சொல்லணும். நோட்டுல எழுதணும். அப்புறம்தான் இவன் நாற்காலிய விட்டு எழலாம். எனக்கு ஒரு வருஷமா மாத்து ஆளே வரல தம்பி.”

“எழுதறேன். குடுங்க.”

மிரோன் நோட்டில் எழுதினார்: பொறுப்பை ஒப்படைத்தேன், ஹுட்சல்யுக். தேதி, நேரம். நோட்டை நீட்டினார். செவெரின் அடியில் எழுதினான்: பொறுப்பை ஏற்றேன், வோலோஷின். நோயாளிகளைச் சமாதானப்படுத்த அவன் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறான். இதையும் அந்தக் கணக்கில்தான் எழுதினான்.

“வாயால சொல்லு.”

“ஏத்துக்கிட்டேன்.”

“சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்,” என்றான் வண்டு. “கால்தான் ஒண்ணு. கை ரெண்டும் இருக்கு.”

மிரோன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை எட்டேகாலுக்கு ஆரம்பித்து எட்டு முப்பத்தெட்டுக்கு முடித்துவிட்டார் மெலானியா. வெளியே வந்து முகமூடியைக் கீழே இழுத்தார். “நூல்னு சொன்னேன்ல? நூலவிடச் சின்னது. இதுக்கா இத்தனை நாள் இழுத்தடிச்ச?”

மிரோன் மயக்கம் தெளிந்து பெயரைச் சொன்னார், தண்ணீர் கேட்டார். பிறகு தூங்கிப்போனார்.

எட்டு ஐம்பத்தைந்துக்குச் செவெரின் ஒலி புகாத கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஒருவர் உட்காரத்தான் அதில் இடம். அங்கே ஒலிபெருக்கி கேட்காது, சைரன்கூடக் கேட்காது. நோட்டை விரித்து வைத்தான். ரப்பர் குழாயின் ஒரு முனையை வலக் காதில் மாட்டினான். மறுமுனைக்கு இப்போது காது இல்லை. அது நோட்டின்மேல் கிடந்தது.

ஏற்றேன் என்று எழுதியாயிற்று. ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகலாம் என்றிருந்தான். ஒன்றும் வரப்போவதில்லை.

ஒன்பது.

“வால்நட்,” என்றான். குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. “எத்தனை பேர்?”

குழாய்க்குள் சுள்ளி ஒடிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

அவன் காத்திருந்தான். ஒன்றரை நொடி. இரண்டு. மூன்று. வரவில்லை. நொடிமுள் பாதி வட்டம் தாண்டியது. முக்கால் தாண்டியது. பதின்மூன்று மாதமாக நெஞ்சில் கெட்டியாகக் கிடந்த ஏதோ ஒன்று கழன்றது. அவளை வெட்டிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தான்.

அப்போது வந்தது. குழாயில் இல்லை. இடப்பக்கம், எதுவும் மாட்டாத காதில், மிக அருகில். படியேறி வந்தவள் மூச்சு வாங்க நிற்கும் தூரத்தில்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து எழுதினான்: 9.00. வால்நட். நான்கு. பிளஸ். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். வண்டு. செவெரின் கதவைக் கொஞ்சமாகத் திறந்தான்.

“சார், தேனீக்காரர் விடற கொறட்டையில வார்டே ஆடுது. இத்தனை நாள் அவரு தூங்கல, இனிமே நாங்க தூங்க முடியாது. அவர எழுப்பறதுக்கு ஏதாச்சும் ஆபரேஷன்…” சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். செவெரினின் முகத்தைப் பார்த்தான். காதிலிருந்த குழாயைப் பார்த்தான். அதன் மறுமுனை எங்கே கிடக்கிறது என்று பார்த்தான்.

“எத்தனை சார்?” என்றான் மெதுவாக.

“நாலு.”

வண்டு தலையாட்டினான். ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டான். “காபி கொண்டாரட்டுமா? பாதிதான் வந்து சேரும், மீதி வழியில கொட்டிடும்.”

“கொண்டா,” என்றான் செவெரின். “பத்துக்கு முன்னாடி வந்துடு.”